உடம்புக்குத் தெரியாத அசல்

திருச்சி பெரிய கடைவீதியிலோ ஜாபர்ஷா தெருவிலோ ராசிக்கு ஒரு மாணிக்கம் வாங்கப் போகிறவர், விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்றுண்டு: "ஒரிஜினல்தானே?" பதிலுக்குக் கடைக்காரர் ரத்தின ஆய்வகத்தின் சான்றிதழை எடுத்து வைப்பார். கல்லின் எடை, அடர்த்தி, ஒளிவிலகல் எண், நுண்ணோக்கியில் உள்ளே தெரிந்த கோடுகள், சூடேற்றி நிறம் கூட்டப்பட்டதா என்பதுவரை அந்த அட்டையில் இருக்கும். அணிந்தவருக்குத் தலைவலி தீரும், தூக்கம் வரும், மனம் அமைதியாகும் என்பவை அதில் இருக்காது. அவற்றை வாய்வார்த்தையாகத்தான் சொல்வார்கள். ஆக, ஒரே வியாபாரத்தில் பாதி அச்சடித்த சான்றோடும் மீதிப் பாதி வெறும் சொல்லோடும் நடக்கிறது. காசு கொடுப்பவர் முக்கியமாக வாங்குவது அந்த மீதிப் பாதியைத்தான். ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் ஸ்படிக மாலை வாங்குகிறவருக்கும் இது பொருந்தும். 'ஹீலிங் கிரிஸ்டல்' என்று ரோஸ் குவார்ட்ஸ் வளையலைக் கைப்பேசியில் ஆர்டர் செய்கிற கல்லூரி மாணவிக்கும் பொருந்தும். கல்லுக்கு உடம்பையும் மனதையும் நலமாக்கும் சக்தி உண்டா என்ற கேள்வியை எந்த ஊரிலும் கேட்கலாம். ஆனால் அதற்கு விடை சொல்லும் தகுதி திருச்சிக்குக் கூடுதலாகவே இருக்கிறது. காரணம், இது செயற்கைக் கல் செய்து பிழைத்த ஊர்.

1902-ல் பிரெஞ்சு வேதியியலாளர் அகுஸ்த் வெர்னொய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அலுமினிய ஆக்சைடு தூளோடு துளி குரோமியம் சேர்த்து, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் சுடரின் வழியே சிறிது சிறிதாகக் கொட்டினால், கீழே சில மணி நேரத்தில் ஒரு சிவந்த படிகம் வளர்ந்து நிற்கும். மண்ணுக்கடியில் பல லட்சம் ஆண்டுகளில் நடப்பதை மேசையின் மேல் ஒரு முற்பகலில் முடித்துவிடும் வேலை அது. இப்படி விளைந்த கச்சாக் கற்கள் சுவிட்சர்லாந்திலிருந்து கப்பலேறி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே திருச்சிக்கு வந்தன. நகரத்திலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் வீட்டுத் திண்ணைகளே பட்டறைகளாயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாணைத் தட்டில் கல்லை வைத்துப் பட்டை தீட்டின. பிறகு மேட்டுப்பாளையத்திலேயே கச்சாக் கல் செய்யும் ஆலை வந்தது. 1970-களின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் அமெரிக்கன் டைமண்ட் என்ற செயற்கைக் கல் நுழைந்தது. இன்று சீனாவிலிருந்து இயந்திரத்தில் வெட்டிய கற்கள் குவிந்து அந்தத் தொழில் நலிந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டு மூக்குத்திகளிலும் தோடுகளிலும் மோதிரங்களிலும் திருச்சிக் கல் பல தலைமுறைகளாக உட்கார்ந்திருக்கிறது.

செயற்கை மாணிக்கம் சிவப்புக் கண்ணாடித் துண்டு அன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் வேதியியலும் படிக அமைப்பும் கடினமும் நிறமும் பர்மாவில் தோண்டியெடுத்த மாணிக்கத்தினுடையவையே. நிபுணர் வேறுபாடு காண்பது உள்ளே ஓடும் வளர்ச்சிக் கோடுகளை வைத்துத்தான். சுடரில் வளர்ந்த கல்லில் அவை வளைந்திருக்கும், கூடவே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் இருக்கும். மண்ணில் விளைந்ததில் கோடுகள் நேராக இருக்கும். வெறுங்கண்ணுக்கு இது தெரியாது. செயற்கைக் கல்லை அசல் என்று நம்பி அணிந்தவர்கள் இந்த நூறாண்டில் ஏராளம். அவர்களில் ஒருவராவது, "கல் வேலை செய்யவில்லை, ஆகவே இது செயற்கை" என்று உடம்பின் சாட்சியை வைத்து முதலில் கண்டுபிடித்து, பிறகு நுண்ணோக்கி அதை உறுதிசெய்ததாக ரத்தின வணிகத்தின் வரலாற்றில் ஒரு பதிவும் தெரியவரவில்லை. எப்போதும் நுண்ணோக்கிதான் முந்திக்கொள்கிறது. இங்கிலாந்து அரச மகுடத்தின் நடுவே ஒளிரும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்க'த்தை நூற்றாண்டுகளாக அரசர்கள் மாணிக்கம் என்றே நம்பினார்கள். அது ஸ்பினல் என்ற வேறு கனிமம் என்று வேதியியல் சொன்னது. அணிந்த தலை எதுவும் சொல்லவில்லை. கல்லின் சக்தி அசலிலிருந்து வருகிறது என்றால் அசலும் நகலும் விளைவில் வேறுபட வேண்டும். விளைவால் பிரித்தறிய முடியாத ஒரு வேறுபாட்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கும் லட்சம் ரூபாய்க்கும் இடையிலான வித்தியாசத்தைக் கொடுப்பது அழகுக்காகவோ அருமைக்காகவோ இருந்தால் சரி. மருந்துக்காக என்றால் கணக்கு உதைக்கிறது.

திருச்சி தன்னையறியாமல் நடத்திய இந்தச் சோதனையை லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் அறிந்தே நடத்தினார். எண்பது பேரிடம் படிகக் கல்லைக் கொடுத்து, கையில் பிடித்தபடி ஐந்து நிமிடம் தியானிக்கச் சொன்னார். சிலருக்குக் கொடுத்தது உண்மையான குவார்ட்ஸ், மற்றவர்களுக்குப் போலி. எதுவென்று அவர்களுக்குத் தெரியாது. பாதிப் பேருக்கு மட்டும், "உள்ளங்கை சூடாகலாம், சிலிர்ப்பு வரலாம், மனம் குவியலாம்" என்று முன்கூட்டியே உணர்த்தப்பட்டது. 2001-ல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் உளவியல் சங்க மாநாட்டில் அவர் சொன்ன முடிவு இது: சூடும் சிலிர்ப்பும் பலருக்கு வந்தன, ஆனால் போலியைப் பிடித்தவர்களுக்கும் அசலைப் பிடித்தவர்களுக்கும் ஒரே அளவில் வந்தன. கூடுதலாக உணர்ந்தவர்கள், முன்பே சொல்லிவைக்கப்பட்டவர்கள். எண்பது பேர் சிறிய எண்ணிக்கைதான், ஒரே ஆய்வை வைத்து எதையும் மூடிவிட முடியாது என்று யாராவது சொன்னால் நியாயமே. ஆனால் அந்த நியாயத்தின் மறுபக்கமும் உண்டு. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் புரளும் ஒரு வியாபாரம், தன் சரக்கு வேலை செய்கிறது என்று காட்ட இதே எளிய சோதனையை ஆயிரம் பேரிடம் நடத்திக் காட்டலாம். பெட்டிக்குள் அசலும் போலியும், மூடிய கண், ஒரு கேள்வித்தாள், செலவு அதிகமில்லை. அப்படி ஒன்றை நடத்தி வென்று காட்டிய வணிகர் யாரும் தெரியவரவில்லை.

ராசிக்கல் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். சூரியனுக்கு மாணிக்கம், சனிக்கு நீலம், குருவுக்குக் கனக புஷ்பராகம். சூரியனும் சனியும் பகை, ஆகவே மாணிக்கத்தையும் நீலத்தையும் சேர்த்து அணியக் கூடாது என்பது ஜோதிடர்களின் கண்டிப்பான அறிவுரை. வேதியியலில் இந்த மூன்றும் ஒரே கனிமம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் அலுமினிய ஆக்சைடு. துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம், இரும்பு மட்டும் கலந்தால் மஞ்சள். தச்சர் உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் கரடுமுரடான துகளும் பெரும்பாலும் இதே பொருள்தான். சரி, கிரகத்தோடு பேசுவது நிறம்தான், வேதியியல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நீலம் வாங்க வசதியில்லாதவருக்கு அமெதிஸ்டை, புஷ்பராகத்துக்குப் பதில் சிட்ரினை உபரத்தினமாகப் பரிந்துரைப்பதன் தர்க்கம் அதுதான். அமெதிஸ்டும் சிட்ரினும் குவார்ட்ஸ். நீலத்தோடும் புஷ்பராகத்தோடும் அவற்றுக்குச் சாதி உறவே கிடையாது. இப்படிப் பொருள் வேறாக இருந்தும் நிறம் ஒத்ததால் பலன் தருமென்றால், நிறமும் பொருளும் இரண்டுமே ஒத்த திருச்சி மாணிக்கம் இன்னும் நன்றாகப் பலன் தர வேண்டும். அதை மட்டும் "செயற்கை, ஆகாது" என்று ஒதுக்குகிறார்கள். நிறம் என்றால் நிறம், பொருள் என்றால் பொருள். இரண்டுக்கும் நடுவே விலை புகுந்து விதியை மாற்றக் கூடாது.

மேற்கத்திய நாட்டுப் பட்டியலும் இதற்குச் சளைத்ததில்லை. மாதத்துக்கு ஒரு பிறப்புக்கல் என்று இன்று உலகெங்கும் வழங்கும் வரிசையை ஒழுங்குபடுத்தியது 1912-ல் அமெரிக்காவின் கான்சஸ் நகரில் கூடிய நகை வணிகர் சங்கம். 1967-ல்தான் தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்ட தான்சனைட் 2002-ல் டிசம்பர் மாதக் கல்லாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய டிசம்பர்களில் பிறந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்களோ!

இப்போதைய மோகம் நவரத்தினத்தைவிடக் குவார்ட்ஸ் போன்ற கற்களின் மீதுதான். காதலுக்கு ரோஸ் குவார்ட்ஸ், தூக்கத்துக்கு அமெதிஸ்ட், பணத்துக்குப் பைரைட், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழு சக்கர வளையல். திரைக்கலைஞர்கள் கழுத்தில் கண்டதும் கருங்காலி மாலைக்கு ஓடியதைப் போலவே இதற்கும் ஓட்டம். ஸ்படிகம், ரோஸ் குவார்ட்ஸ், அமெதிஸ்ட், சிட்ரின் எல்லாம் சிலிக்கன் டை ஆக்சைடு என்ற ஒரே சேர்மம். பூமியின் மேலோட்டில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் கனிமங்களில் ஒன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவு உட்கார்ந்திருப்பதே இந்தப் பொருளின் மேல்தான். ஆற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். தூளாகிவிட்டால் சக்தி போய்விடும், முழுப் படிகமாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் மணற்பரல் ஒவ்வொன்றுக்குள்ளும் அதே அணு அடுக்கு குலையாமல்தான் இருக்கிறது, வளையலுக்காக உருண்டையாக அரைத்த மணிக்குள் இருப்பதைப் போலவே. குவார்ட்ஸின் அருகிலிருப்பது மன அமைதி தருமென்றால் மலைக்கோட்டைப் பாறையின் அடிவாரத்திலும் அம்மா மண்டபத்துப் படித்துறையிலும் வாழ்கிறவர்கள் பிற ஊர்க்காரர்களைவிட அமைதியாக இருக்க வேண்டும். சின்னக் கடைவீதியில் தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்து பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வரும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் கொஞ்சம் அறிவியல் வாசனை உள்ளது ஒன்றுண்டு. கைக்கடிகாரமே குவார்ட்ஸில்தானே ஓடுகிறது, அதில் ஆற்றல் இருப்பதால்தானே என்பார்கள். 1880, 1881-ல் ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டது உண்மை: குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் அதன் முகங்களில் சிறு மின்னழுத்தம் தோன்றும், மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். கடிகாரத்துக்குள் இருக்கும் கவட்டை வடிவக் குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆனால் அதற்கு ஆற்றல் தருவது பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் நிற்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கழுத்தில் சும்மா தொங்கும் மாலையை யாரும் அழுத்துவதில்லை, மின்சாரமும் பாய்ச்சுவதில்லை. இயற்பியலின் ஒரு சொல்லைக் கடன் வாங்கி, அந்தச் சொல்லுக்கு இயற்பியல் வைத்த நிபந்தனைகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

கல்லுக்கும் உடலுக்கும் நடுவே உண்மையிலேயே நடக்கும் ஒன்று உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. ஸ்படிகம் குளிர்ச்சி என்று நம் பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. குவார்ட்ஸ் படிகம் சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே தொட்ட கணத்தில் தோலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு ஜில்லென்று இருக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்து ஸ்படிக மணியையும் கண்ணாடி மணியையும் பிரிக்கும் பழைய முறை இதை நம்பித்தான். ஆனால் சில நிமிடத்தில் மணி உடல் சூட்டை அடைந்துவிடும், குளிர்ச்சி முடிந்துவிடும். உடம்புச் சூட்டைத் தொடர்ந்து இறக்கிக்கொண்டே இருக்க மாலைக்குள் எந்த ஏற்பாடும் இல்லை. பக்கத்து மாவட்டத்தில் இதே குளிர்ச்சியின் மேல் ஒரு தொழிலே எழுந்தது. தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைக்கும் படிகக் கற்களைச் சாணை பிடித்து மூக்குக் கண்ணாடி செய்வார்கள். மிக நுட்பமான கைவேலை, கீறல் விழாது, அணிந்தால் கண்ணுக்கு இதம். கண்புரை வராமல் தடுக்கும் என்ற பேச்சும் அதோடு ஒட்டிக்கொண்டது. இயற்பியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கண்புரைக்குக் காரணமானவற்றில் ஒன்று வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர். சாதாரணக் கண்ணாடி அதில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். குவார்ட்ஸோ தாராளமாக உள்ளே விடும். ஒரு பொருளின் உண்மையான குணம் ஒன்று, இல்லாத குணம் ஒன்றுக்கு ஜாமீன் போட்டு நிற்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

"அதெல்லாம் சரி, நான் போட்டேன், எனக்குச் சரியானதே" என்பதுதான் கடைசியில் வந்து நிற்கும் வாதம். அனுபவத்தைப் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அனுபவத்துக்குச் சொல்லப்படும் காரணத்தைத்தான் விசாரிக்க வேண்டும். யாரும் நன்றாக இருக்கும்போது கல் வாங்குவதில்லை. முதுகுவலி உச்சத்திலிருக்கும்போது, வேலை போனபோது, ஏழரைச் சனி என்று பயமுறுத்தப்பட்டபோது வாங்குகிறார்கள். உச்சத்திலிருப்பது பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். "ஒரு மண்டலம் போட்டுப் பாருங்கள்" என்று கொடுக்கும் 48 நாள் கெடுவில் சாதாரண முதுகுவலியும், சளியும், பரீட்சைக் கவலையும், குடும்பச் சண்டையின் கசப்பும் தாமாகவே தணிந்துவிடும். தணியாதவர்கள் "நமக்கு ஒத்துக்கலை" என்று கழற்றி வைத்துவிடுவார்கள். அவர்கள் கதையை யாரும் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. கல் பலிக்காமல் போவதற்கு ஸ்ரீரங்கம் சம்பந்தப்பட்ட ஒரு கல்லே சாட்சி, அந்தச் சம்பந்தம் கதைதான் என்றாலும். ரங்கநாதர் கோயிலில் விக்கிரகத்தின் கண்ணாக இருந்ததை பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுப் படைவீரன் திருடிப் போனான் என்று ஓர்லோவ் வைரத்துக்கு ஒரு பூர்வகதை சொல்வார்கள். ஆவணச் சான்று கிடையாது. 189 காரட்டுக்கு மேல் எடையுள்ள அந்த வைரத்தை, ரஷ்யப் பேரரசி கேதரினின் மனதைத் திரும்பப் பெறுவதற்காக முன்னாள் காதலர் கிரிகோரி ஓர்லோவ் பெரும் விலை கொடுத்து வாங்கிப் பரிசளித்தார். வைரம் சுக்கிரனுக்கு உரியது, காதலைக் கைகூட்டும் என்பது நம் ஊர்க் கணக்கு. கேதரின் வைரத்தைச் செங்கோலில் பதித்துக்கொண்டார். காதல் திரும்பவில்லை. உலகத்திலேயே பெரிய சுக்கிரக் கற்களில் ஒன்று செய்யாததை அரை காரட் செய்யும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

நம்பிக்கையே மருந்தாகிறதே, பிளாசிபோ என்று மருத்துவர்களே சொல்கிறார்களே என்பது இதைவிடக் கனமான வாதம். இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதி உண்மை. 2011-ல் அமெரிக்காவில் ஆஸ்துமா நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே நோயாளிக்கு ஒருமுறை உண்மையான மருந்து உறிஞ்சி, ஒருமுறை வெற்று உறிஞ்சி, ஒருமுறை போலி அக்குபங்சர், ஒருமுறை எதுவுமே இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, மருந்துக்கு 50 சதவீதம் முன்னேற்றம் என்றும், வெற்று உறிஞ்சிக்கு 45, போலி அக்குபங்சருக்கு 46 என்றும் பதில் வந்தது. எதுவும் தராதபோது 21. அதாவது வெறும் பாவனை மருந்துக்குச் சமமாக இதம் தந்தது. ஆனால் மூச்சுத் திறனைக் கருவியில் அளந்தபோது மருந்து 20 சதவீதம் உயர்த்தியிருந்தது, மற்ற மூன்றும் ஏறத்தாழ 7 மட்டுமே. பிளாசிபோ உணர்வை மாற்றுகிறது. சுருங்கிய மூச்சுக் குழாயை அது விரிக்கவில்லை. ஆஸ்துமாக்காரர் நன்றாக இருப்பதாக உணர்ந்துகொண்டே மூச்சு திணறலாம் என்பதுதான் இதிலுள்ள அபாயம். இன்னொன்றும் உண்டு. குடல் எரிச்சல் நோய்க்கு ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்ட்சக் 2010-ல் நடத்திய ஆய்வில், "இது வெறும் மாத்திரை, இதில் மருந்தில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியும் 59 சதவீதத்தினர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். மாத்திரை தராத குழுவில் 35. பரிவோடு கேட்கும் மருத்துவரும், ஒழுங்காக ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வுமே பாதி வேலையைச் செய்கின்றன. ஆகவே பிளாசிபோவுக்குப் பொய் தேவையில்லை, விலையுயர்ந்த கல்லும் தேவையில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஸ்படிக மாலையை உருட்டி ஜபம் செய்கிறவர்களுக்கு அமைதி கிடைக்கிறது என்றால் அதை நம்புவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி 23 பேரிடம் கிறிஸ்தவ ஜெபமாலைப் பிரார்த்தனையையும் திபெத்திய யோக மந்திரத்தையும் சொல்லவைத்து அளந்தார். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற நிதானத்துக்கு வந்தது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் உடலின் அனிச்சை இயக்கம் கூர்மையானது. 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளியானது. மணி எண்ணுவதும், ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வதும், மூச்சு தானாக நீள்வதும் சேர்ந்து உடலில் அளக்கத்தக்க மாற்றத்தை உண்டாக்குகின்றன. அதற்கு 108 மணி எதனால் ஆனது என்பது ஒரு பொருட்டே இல்லை. வைணவர் அணியும் துளசி மணியும் தாமரை மணியும் போதும், விரல் கணுவில் எண்ணினாலும் போதும். கிரிஸ்டல் வாங்கிய பிறகு தினமும் பத்து நிமிடம் கண்மூடி உட்காரத் தொடங்கியவருக்குப் பலன் கிடைத்தால், அந்தப் பலனைக் கல்லின் கணக்கில் எழுதாமல் பத்து நிமிடத்தின் கணக்கில் எழுதுவதே முறை.

முன்னோர்கள் முட்டாள்களா என்ற கோபமான கேள்வியும் வரும். இல்லை, கல்லைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தது வியப்பூட்டும் அளவு. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த மணிப் பட்டறைகளின் எச்சமும், காங்கேயம் அருகே படியூரின் பச்சைநீலப் பெரிலும் கொங்கு நாட்டின் தேர்ச்சியைக் காட்டுகின்றன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரைக் கடைத்தெருவின் ஒன்பது மணிகளை வரிசைப்படுத்துகிறது. அங்கே இளங்கோ சொல்வது வணிகர் கண்ணால் பார்த்த குணமும் குற்றமும். நோய் தீர்க்கும் பட்டியல் அன்று. சித்த மருத்துவத்தில் முத்துப் பற்பமும் பவளப் பற்பமும் இருக்கின்றன என்றால், அவை உள்ளே சாப்பிடும் கால்சியம் சேர்ந்த மருந்துகள். அவற்றின் தகுதியை மருந்தாகச் சோதித்து முடிவு செய்யலாம், மோதிரத்தில் பதிப்பதற்கு அவை சாட்சி ஆகா. வைகுண்ட ஏகாதசியன்று நம்பெருமாள் ரத்தின அங்கியில் பரமபத வாசலைக் கடக்கும்போது அங்கே நிற்கும் கூட்டம் எந்த நோய்க்கும் சீட்டு எழுதி வாங்க வரவில்லை. சிதம்பரத்தின் ஸ்படிக லிங்கத்துக்கும் அப்படியே. வழிபாட்டுக்குரிய கல் தன்னைப் பற்றி எந்த மருத்துவ உத்தரவாதமும் தருவதில்லை. இந்தக் கட்டுரையின் வழக்கு அதோடு இல்லை. உத்தரவாதம் தந்து காசு வாங்கும் கல்லோடுதான்.

போட்டால் என்ன கெடுதல் என்று கடைசியாகக் கேட்கலாம். அழகுக்குப் போடுவதில் ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் மூன்று இடங்களில் பதுங்கியிருக்கிறது. சர்க்கரைக்கும் மன அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் கல்லைப் போட்டுவிட்டு ஒரு மண்டலம், இன்னொரு மண்டலம் என்று தள்ளிப்போடும்போது நோய் காத்திருப்பதில்லை. கிரிஸ்டல் போட்ட தண்ணீர் பாட்டில் என்று புதிதாக விற்பதில் எல்லாக் கல்லும் குவார்ட்ஸ் இல்லை. மலகைட்டில் செம்பு இருக்கிறது, கலீனாவில் ஈயம், சின்னபாரில் பாதரசம். இவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குடிப்பது பைத்தியக்காரத்தனம். மூன்றாவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அகேட், கார்னீலியன் மணிகள் குஜராத்தின் கம்பாத்தில் அரைக்கப்படுகின்றன. அரைக்கும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயை உண்டாக்குகிறது. அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் இது பரவியிருப்பதை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆய்ந்து பதிவு செய்திருக்கிறது. சிலிகோசிஸைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஒரு கல்லுக்கு மனித உடல் மேல் நிரூபிக்கப்பட்ட விளைவு ஒன்று உண்டென்றால் அது இதுதான், அது நடப்பது வாங்குகிறவர் உடலிலும் அல்ல.

சட்டம் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தாயத்து, மந்திரம், கவசம் உள்ளிட்ட எல்லா மாயப் பொருட்களையும் 'மாயத் தீர்வு' என்று வரையறுக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய், கண்புரை, ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளிட்ட அட்டவணை நோய்களுக்கு அவை பலன் தரும் என்று விளம்பரம் செய்வது குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, தொலைக்காட்சியில் யந்திரம் விற்கும் விளம்பரங்கள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். இவ்வளவு இருந்தும் அதிகாலையில் எந்தத் தமிழ்ச் சேனலைத் திருப்பினாலும் ராசிக்கல் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம், புகார் கொடுப்பவர்கள் இல்லை என்பதே. அடுத்த முறை கல் வாங்கும்போது, எந்த நோய்க்கு என்ன பலன் என்று கடைக்காரர் வாயால் சொன்னதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் நகையின் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எழுதித் தந்து பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். கல் வாங்கத் தூண்டியது மனக்கலக்கம்தான் என்றால், அதற்கென்றே டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.